பெயர் தெரியாமல் புதைத்தவரை அடையாளம் காண எந்த வழி? மலைப் பகுதி வழக்குகளுக்கு ஓர் ஒப்பீடு

போன மாதம் ஒரே வாரத்தில் இரண்டு பேர் ஏறத்தாழ ஒரே கேள்வியோடு வந்தார்கள்.

முதலாமவர் பந்தலூர்ப் பக்கம் எஸ்டேட் லைனில் குடியிருக்கும் ஓர் அக்கா. அவருடைய தம்பி 2009-இல் "கூடலூர் வரைக்கும் போயிட்டு வர்றேன்" என்று கிளம்பியவர், வரவேயில்லை. இரண்டு வருடம் கழித்துப் பக்கத்துத் தாலுகாவில் ஒரு சோலைக்குள் எலும்புக்கூடு கிடைத்தது. மண்டையில் வெட்டு இருந்ததால் கொலை வழக்காகப் பதிந்தார்கள். செத்தது யார் என்றே தெரியாததால் வழக்கு அங்கேயே நின்றுவிட்டது. அந்தச் செய்தி இவர் காதுக்கு இப்போதுதான் வந்திருக்கிறது. "டிஎன்ஏ கேட்டு மனு கொடுக்கட்டுமா அண்ணா? இல்ல, மண்டை ஓட்டை போட்டோவோட வச்சுப் பார்ப்பாங்களாமே, அதைக் கேட்கட்டுமா?" என்றார்.

இரண்டாமவர் கொடைக்கானல் மேல்மலையைச் சேர்ந்த ஓர் இளம் வழக்கறிஞர். அவர் கையில் இருப்பது நேர் எதிரான சிக்கல். பல வருடம் முன்பு ஒரு பெண்ணின் உடல் கிடைத்திருக்கிறது. கழுத்தை நெரித்த அடையாளம் உண்டு. ஆனால் "எங்கள் வீட்டுப் பெண்" என்று சொல்லிக்கொண்டு யாருமே வரவில்லை. ஊர்க்காரர்கள் சேர்ந்து மறுவிசாரணை கேட்கிறார்கள். எதைக் கேட்டு மனு போடுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

நான் இருபது வருடத்துக்கும் மேலாக நீலகிரியில் செய்தி சேகரித்தவன். இப்படிப்பட்ட குடும்பங்களோடு ஸ்டேஷனுக்கும் பிணவறைக்கும் நடந்திருக்கிறேன். கொலையானவர் யார் என்று தெரியாதவரை அவர் கடைசியாக யாரோடு இருந்தார், யாருக்கு அவர் மேல் பகை, எங்கிருந்து கிளம்பினார் என்று எதையும் விசாரிக்க முடியாது. விசாரணையே பெயரில்தான் தொடங்குகிறது. அதனால் இருவருக்கும் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

## எதை வைத்து எடை போடுவது?

முதலில் கேட்க வேண்டியது: இந்த வழி ஆளைத் தேடித் தருமா, அல்லது நாம் சந்தேகப்படும் ஆள்தானா என்று உறுதி செய்யுமா? இரண்டும் வேறு வேறு வேலை. நான் பார்த்த பாதிப் பேர் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

இரண்டாவது, கையில் என்ன மிச்சம் இருக்கிறது என்பது. சமவெளிக் கணக்கு மலைக்குப் பொருந்தாது. தேயிலைக்கு ஏற்ற மண் என்றாலே புளிப்பு மண், அதன் பிஎச் அளவு 4.5-இலிருந்து 5.5 வரை இருக்கும். அந்த மண்ணும் மழையும் சேர்ந்து எலும்பின் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடும். குளிர் நமக்குச் சாதகம், உடல் மெதுவாகத்தான் அழியும். காட்டு விலங்குகள் பாதகம். காட்டுப்பன்றி உடலைச் சிதறடிக்கும், முள்ளம்பன்றி எலும்பைக் கொறிக்கும். கீழ்த்தாடை ஓர் இடத்திலும் மண்டை ஓடு இருபதடி தள்ளிப் பள்ளத்திலும் கிடப்பது இங்கே சகஜம்.

மூன்றாவது, கோர்ட்டில் நிற்குமா? நான்காவது, யார் கையெழுத்து வேண்டும், எவ்வளவு காத்திருக்க வேண்டும், சோதனையிலேயே தடயம் தீர்ந்துபோகுமா? கடைசியாக, குடும்பம் எதைத் தாங்க வேண்டியிருக்கும்? இதை எந்த அலுவலகமும் கணக்கில் எடுப்பதில்லை. நான் எடுக்கிறேன்.

| வழி | தேடுமா, உறுதி செய்யுமா? | இருந்தாக வேண்டியது |
|---|---|---|
| பழைய கோப்பு, துணிமணி | தேடும் | கைப்பற்றிய பொருள்கள், படங்கள் |
| மண்டை ஓடு–புகைப்பட ஒப்பீடு | ஓரளவு உறுதி செய்யும். "இவர் இல்லை" என்று சொல்வதில் பலம் | தாடையோடு மண்டை ஓடு, தெளிவான படம் |
| டிஎன்ஏ | உறுதி செய்யும் | நல்ல எலும்பு அல்லது பல், நெருங்கிய ரத்த உறவு |
| முகத்தை மறுபடி உருவாக்குதல் | தேடும் | முழு மண்டை ஓடு, ஊரெங்கும் படத்தைக் கொண்டுபோக ஆள் |

## பழைய கோப்பும் துணிமணியும்

இதற்குப் பெரிய செலவு இல்லை, ஆய்வகம் வேண்டாம், தோண்ட வேண்டாம். அதனாலேயோ என்னவோ யாரும் இதை முதலில் கேட்பதில்லை. நான் எப்போதும் இங்கிருந்துதான் தொடங்கச் சொல்வேன்.

கோப்பில் வி.ஏ.ஓ. அல்லது வனக்காப்பாளர் கொடுத்த புகார், முதல் தகவல் அறிக்கை, பஞ்சாயத்தார் கையெழுத்திட்ட பிரேத விசாரணை அறிக்கை, போஸ்ட்மார்ட்டம் சான்று, படங்கள், கைப்பற்றிய பொருள்களின் பட்டியல் எல்லாம் இருக்க வேண்டும். கொலை வழக்கு என்பதால் பொருள்கள் பெரும்பாலும் கோர்ட்டுக்குப் போயிருக்கும். பட்டியலைப் படித்தால் மட்டும் போதாது. பொருளைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒரு வழக்கில் பட்டியலில் இருந்தது ஒரே வரி: "நீல நிற முழுக்கைச் சட்டை ஒன்று, மண் படிந்தது." ஒன்பது வருடம் அந்த வரியைத்தான் எல்லோரும் படித்தார்கள். புதிதாக மாற்றலாகி வந்த ஓர் ஆய்வாளர் அனுமதி வாங்கிப் பொட்டலத்தைப் பிரித்தார். நானும் கூட இருந்தேன். சட்டை அட்டை மாதிரி விறைத்திருந்தது. காலரை மெல்ல உள்பக்கம் திருப்பினார். விரல் நீளத்தில் ஒரு துணிப் பட்டை, அதில் சிவப்பு நூலில் நெய்த எழுத்து. முன்பாதி அரித்துப்போய் "லர்ஸ்" மட்டும் மிச்சம். அதற்குக் கீழே முழுசாக "தாளவாடி". தையல்காரரைக் கண்டுபிடித்தபோது சட்டையை அவருக்கு நினைவில்லை. பட்டை நினைவிருந்தது. சிவப்பு நூல் பட்டை அவர் இரண்டு வருடம் மட்டுமே போட்டிருக்கிறார், அதற்குப் பிறகு அச்சடித்த பட்டைக்கு மாறிவிட்டார். அந்த ஆண்டுகளை ஒட்டி அந்த வட்டாரத்தில் காணாமல் போனவர்கள் பட்டியலில் வயதும் உயரமும் பொருந்தியவர் ஒரே ஒருவர். அவருடைய அம்மா உயிரோடு இருந்தார். அதற்குப் பிறகுதான் டிஎன்ஏ வந்தது, உறுதி செய்தது. காலரைத் திருப்ப ஒன்பது வருடம் ஆனது எனக்கு இன்றும் ஆறவில்லை.

காலர்ப் பட்டை, சலவைக் குறி, செருப்பின் அளவும் தேய்ந்த பக்கமும், அரைஞாண் கயிற்றில் கோத்திருக்கும் பொருள், பச்சை குத்திய பெயர், மெட்டி, எலும்பில் பதித்த கம்பி அல்லது பிளேட், பல்லில் போட்ட மூடி, வெற்றிலைக் கறை என்று ஒவ்வொன்றும் ஓர் ஊரையோ தொழிலையோ வயதையோ சொல்லும். உடல் கெடுவதற்கு முன் கைரேகை எடுத்திருந்தால் அதையும் கேளுங்கள். 2022-இல் தொடங்கிய தேசியத் தானியங்கிக் கைரேகை அமைப்பில் நாடு முழுவதற்கும் சேர்த்துத் தேட முடியும். ஆனால் இறந்தவரின் ரேகை ஏதாவது குற்ற வழக்கில் முன்பே பதிவாகியிருந்தால்தான் பலன். "ஆதாரில் போட்டுப் பார்க்கலாமே" என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஆதாரில் உள்ள கைரேகையையும் கருவிழிப் பதிவையும் யாரோடும் பகிரக்கூடாது என்று அந்தச் சட்டமே சொல்கிறது.

அடுத்து, காணாமல் போனவர்கள் பட்டியல். இங்கே மலைக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. கூடலூர், பந்தலூர் பக்கம் ஒரு மணி நேரப் பயணத்தில் மூன்று மாநிலம். வயநாட்டிலோ சாம்ராஜ்நகரிலோ பதிவான புகார் நம் ஸ்டேஷன் பதிவேட்டில் இருக்காது. கொடைக்கானலுக்கு வத்தலக்குண்டு வழியாகவும் ஆள் வருவார், பழனி வழியாகவும் வருவார். உடலைக் கொண்டுவந்து போடுகிறவரும் அப்படித்தான். தேயிலைத் தோட்டங்களில் இப்போது ஜார்க்கண்ட், ஒடிசா, அசாம் தொழிலாளர்கள் வேலை செய்கிறார்கள். அவர்கள் வீட்டார் புகார் கொடுத்திருந்தால் அது இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் வேறு மொழியில் இருக்கும். தமிழ்நாடு காவல்துறையின் இணைய சேவையிலும் மத்திய அரசின் டிஜிட்டல் போலீஸ் தளத்திலும் தேடலாம். ஆனால் புகாரே இல்லாத ஆளை எந்தக் கணினியும் கண்டுபிடிக்காது. "வெளியூரில் நன்றாக இருப்பான், எதற்குப் போலீஸ்?" என்று விட்ட குடும்பங்கள் ஏராளம். பதினைந்து வருடம் கழித்தும் புகார் கொடுக்கலாம். கொடுங்கள்.

இந்த வழிக்கும் மறைமுகச் செலவு உண்டு. மூடிய வழக்கின் பொருள்களைக் கோர்ட் உத்தரவு வாங்கி அழித்திருக்கலாம், கரையான் தின்றிருக்கலாம். ரெடிமேட் சட்டையை ஆயிரம் பேர் போட்டிருப்பார்கள். துக்கத்தில் இருப்பவர் கண்ணுக்கு எந்தச் சட்டையும் தம்பியின் சட்டையாகத் தெரியும். மனம் ஒப்பாதவருக்குச் சொந்தச் சட்டையும் அந்நியமாகத் தெரியும். அதனால் துணி ஆளைத் தேடத்தான் உதவும், உறுதிக்கு இன்னொன்று வேண்டும்.

பழனி மலையிலேயே இதற்கு எல்லோரும் அறிந்த உதாரணம் இருக்கிறது. 2001 அக்டோபர் கடைசியில் பெருமாள்மலையை ஒட்டிய டைகர் சோலைக் காட்டில் வனக்காவலர்கள் ஓர் உடலைப் பார்த்தார்கள். யார் என்று தெரியவில்லை. போஸ்ட்மார்ட்டம் முடிந்து, கேட்பாரில்லாததால் கொடைக்கானலிலேயே புதைத்தார்கள். அவர் பிரின்ஸ் சாந்தகுமார், சரவண பவன் அதிபர் ராஜகோபால் மீதான கொலை வழக்கில் கொல்லப்பட்டவர் என்பது பிறகு தெரிந்தது. போலீஸ் எடுத்து வைத்திருந்த படங்களையும் உடைகளையும் பார்த்துத்தான் குடும்பம் அடையாளம் சொன்னது. மண்டை ஓட்டு ஒப்பீடு அதற்கு மேல் சேர்ந்த சான்று. உடலைப் புதைத்தவர்கள் படமெடுத்து, துணியை எடுத்து வைத்திருந்தார்கள் என்பதால்தான் அந்த வழக்கு 2019-இல் உச்ச நீதிமன்றம் வரை நின்றது.

## மண்டை ஓடும் புகைப்படமும்

இறந்தவரின் மண்டை ஓட்டையும் காணாமல் போனவரின் படத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்ப்பதுதான் இது. கண்குழி, மூக்கின் அடி, பல் வரிசை, தாடைக் கோடு எல்லாம் ஒட்டுகிறதா என்று பார்ப்பார்கள். 1935-இல் ஸ்காட்லாந்தின் மாஃபட் அருகே ஓர் ஓடையில் துண்டு துண்டாகக் கிடைத்த இரண்டு பெண்களின் வழக்கில் இது பெயர் பெற்றது. நம் மாநிலத் தடய அறிவியல் துறைக்கும் இதில் நீண்ட அனுபவம் உண்டு. ஆட்டோ சங்கர் வழக்கில் இந்தச் சோதனை நடந்தது, டைகர் சோலை வழக்கிலும் நடந்தது.

எவ்வளவு நம்பலாம்? 1994-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பக்கவாட்டுப் படத்தை மட்டும் வைத்துப் பார்த்தபோது 9.6 சதவீதம் தவறான ஆளோடு பொருந்தியது. முன்பக்கப் படம் மட்டும் என்றால் 8.5 சதவீதம். இரண்டு படமும் சேர்ந்தபோது 0.6 சதவீதமாக இறங்கியது. ஆக, ஒரே ஒரு பாஸ்போர்ட் படத்தை நம்பி "இவர்தான்" என்று முடிவு கட்டக்கூடாது. ஆனால் ஒட்டவே இல்லை என்றால் "இவர் இல்லை" என்று தைரியமாகச் சொல்லலாம். உச்ச நீதிமன்றம் 1963-இலேயே இதைச் சாட்சியமாக ஏற்றது. டைகர் சோலை வழக்கின் 2019 தீர்ப்பிலும் ஏற்றது, ஆனால் இது நிபுணர் கருத்து, இதை மட்டும் வைத்துத் தீர்மானிப்பது வழக்கமில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னது.

குடும்பங்கள் யோசிக்காத ஒரு விஷயம் படத்தின் தரம். பழைய ஸ்டுடியோ படங்களில் "டச்சப்" செய்து தாடையை வழுவழுப்பாக்கி, தழும்பை மறைத்திருப்பார்கள். சுவரில் மாலை போட்டு மாட்டியிருக்கும் பெரிய படம் பெரும்பாலும் அப்படிப்பட்டதுதான். அதைவிட, கல்யாண ஆல்பத்தில் ஓரமாகப் பல் தெரியச் சிரித்தபடி நிற்கும் படம் நூறு மடங்கு உதவும். முன்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று தேடுங்கள். பல் தெரியும் படம் கிடைத்தால் அதை முதலில் கொடுங்கள்.

அப்புறம், மண்டை ஓடு எங்கே இருக்கிறது? ஆய்வகத்திலோ மருத்துவக் கல்லூரியிலோ எடுத்து வைத்திருந்தால் நல்லது. புதைத்துவிட்டார்கள் என்றால் தாசில்தார் அல்லது கோட்டாட்சியர் உத்தரவு வாங்கி அவர் முன்னிலையில் தோண்ட வேண்டும். கேட்பாரற்ற உடலைப் புதைத்த இடத்தில் கல்லும் இருக்காது, நம்பரும் இருக்காது. வெட்டியானின் ஞாபகம்தான் வரைபடம். அதே இடத்தில் அடுத்தவரையும் புதைத்திருப்பார்கள். நான் பார்த்த ஒரு தோண்டலில் முதல் நாள் தவறான குழியைத் தோண்டிவிட்டு, சாயங்காலம் மூடுபனி இறங்கியதும் திரும்பினோம். அந்த அம்மா மறுநாளும் வந்து நின்றார்.

எப்போது இதுதான் சரி? சந்தேகப்படும் ஆள் ஒருவர் இருக்கிறார், நல்ல படங்கள் இருக்கின்றன, ஆனால் ரத்த உறவு யாரும் உயிரோடு இல்லை, அல்லது அவர் தத்துப் பிள்ளை. அல்லது புளிப்பு மண்ணில் கிடந்து டிஎன்ஏ எடுக்க முடியாத அளவுக்கு எலும்பு கெட்டுவிட்டது. இரண்டு மூன்று குடும்பங்கள் ஒரே உடலைக் கேட்டு வரும்போதும், பொருந்தாதவர்களை விலக்க இது உதவும்.

## டிஎன்ஏ

உறுதி என்று பார்த்தால் இதற்கு ஈடு இல்லை. ஆனால் டிஎன்ஏ தானாக ஒரு பெயரைச் சொல்லாது. எலும்பிலிருந்து எடுத்த விவரத்தை ஒப்பிட ஒரு குடும்பம் வேண்டும். காணாமல் போனவர்களின் உறவினர் மாதிரிகளையும் அடையாளம் தெரியாத உடல்களின் மாதிரிகளையும் சேர்த்து வைக்கும் தேசிய வங்கி நமக்கு இல்லை. அதற்கு வழிசெய்யும் 2019-ஆம் ஆண்டு மசோதாவை 2023-இல் அரசு திரும்பப் பெற்றுவிட்டது. அதனால் மேல்மலை வழக்கறிஞர் டிஎன்ஏ கேட்டு மனு போட்டால் கிடைக்கப்போவது எண்கள் நிறைந்த ஒரு தாள்தான். பத்திரமாக வைக்க வேண்டிய தாள்தான், ஆனால் அதில் பெயர் இருக்காது.

அக்காவின் நிலைமை வேறு. அவருக்கு அம்மா இருக்கிறார். அம்மா, அப்பா, சொந்தப் பிள்ளை ஆகியோரோடு ஒப்பிட்டால் விடை தெளிவாக வரும். உடன்பிறந்தவர் மட்டும் என்றால் விடை கொஞ்சம் மங்கும். அப்போது தாய்வழியாக மட்டும் வரும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவைப் பார்ப்பார்கள். அது பழைய எலும்பிலும் தாக்குப்பிடிக்கும், ஆனால் தாய்வழி உறவினர் அத்தனை பேருக்கும் ஒன்றாகவே இருப்பதால் "இந்தக் குடும்பம்" என்பதோடு நின்றுவிடும். அதனால் பெற்றவர் உயிரோடு இருக்கும்போதே மாதிரி கொடுப்பதுதான் எல்லாவற்றையும்விட அவசரம். மூடிய வழக்கு இன்னும் பத்து வருடம் காத்திருக்கும். எழுபத்தைந்து வயது அம்மா காத்திருக்க முடியாது.

எந்த எலும்பை அனுப்புவது என்பதிலும் விஷயம் இருக்கிறது. உள்காதைச் சூழ்ந்து மண்டையின் அடியில் இருக்கும் கெட்டியான எலும்பு, கடைவாய்ப் பல், தொடை எலும்பு ஆகிய மூன்றிலும் டிஎன்ஏ அதிக காலம் தங்கும். சோதனைக்காக அதை அரைத்துப் பொடியாக்குவார்கள், திரும்பக் கிடைக்காது. மண்டை ஓட்டு ஒப்பீடும் வேண்டும் என்றால் அதை முதலில் முடித்து, எல்லாக் கோணத்திலும் படமெடுத்த பிறகே பல்லைப் பிடுங்க வேண்டும். இந்த வரிசை மாறினால் ஒன்றைக் கெடுத்துத்தான் மற்றதைச் செய்ய வேண்டியிருக்கும். மனுவிலேயே இதை எழுதிவிடுங்கள்.

அவசரப்பட்டுத் தனியார் ஆய்வகத்துக்குப் போகாதீர்கள். எலும்பு வழக்குச் சொத்து, நீங்கள் எடுக்க முடியாது. உங்கள் மாதிரியும் போலீஸ் அல்லது கோர்ட் வழியாக, சாட்சிகளோடு, முத்திரை வைத்துப் போனால்தான் பின்னால் கேள்வி வராது. காத்திருப்பு நீளும் என்று எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அப்பா என்று நினைத்தவர் அப்பா இல்லை என்பது போன்ற வீட்டு ரகசியங்களும் இந்தச் சோதனையில் வெளிவரலாம். மாதிரி கொடுப்பதற்கு முன் அம்மாவிடம் தனியாக, மரியாதையோடு அதைச் சொல்லிவிடுவது நல்லது.

டிஎன்ஏ செய்யாவிட்டால் வழக்கு நிற்காதா? அப்படி இல்லை. டைகர் சோலை வழக்கில் டிஎன்ஏ எடுக்கவில்லை என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. மற்ற சான்றுகள் ஒன்றாகச் சேர்ந்து நின்றதால் அது குறையாகாது என்றது உச்ச நீதிமன்றம்.

## முகத்தை மறுபடி உருவாக்குதல்

யாரும் கேட்டு வராத உடலுக்கு இதுதான் வழி. மண்டை ஓட்டின் ஒவ்வொரு புள்ளியிலும் சதை எவ்வளவு தடிமன் இருக்கும் என்ற அளவுப் பட்டியலை வைத்துக் களிமண்ணிலோ கணினியிலோ முகத்தை எழுப்புவார்கள். மூக்கு நுனி, உதடு, காது, தலைமுடி எல்லாம் ஊகம்தான். கோர்ட்டில் இதை அடையாளச் சான்றாக நீட்ட முடியாது. பார்க்கிற ஒருவருக்கு "இந்த ஜாடை எங்கேயோ..." என்று தோன்ற வேண்டும், அவ்வளவுதான் இதன் வேலை.

ஆபத்தும் அங்கேயே இருக்கிறது. ஓவியர் நீளக் கூந்தல் போட்டுவிட்டால், கிராப்பு வைத்திருந்த பெண்ணின் அம்மா படத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார். அதனால் முடியும் நெற்றிப் பொட்டும் இல்லாமல், அல்லது இரண்டு மூன்று விதமாக வரைந்து, புடவையின் நிறம், மெட்டி, உயரம், உத்தேச வயது, உடல் கிடைத்த மாதம் எல்லாவற்றையும் அதே தாளில் போட வேண்டும். படத்தைவிட அந்த மெட்டிதான் ஆளைக் கொண்டுவரும் என்பது என் எண்ணம்.

எங்கே ஒட்டுவது? உடல் கிடைத்த ஊரில் மட்டும் ஒட்டிப் பயனில்லை, அந்த ஊர்க்காரராக இருந்தால் அன்றே தெரிந்திருக்கும். மலைக்கு ஏறும் வாசல்களில் ஒட்டுங்கள்: வத்தலக்குண்டு, பழனி, மேட்டுப்பாளையம், கூடலூர் பேருந்து நிலையங்களில். தமிழோடு மலையாளம், கன்னடம், இந்தியிலும் இருக்கட்டும்.

## வெளிநாட்டுச் செய்திகளில் வரும் வழிகள்

வழக்கறிஞர் வம்சாவளி டிஎன்ஏ பற்றிக் கேட்டார். 1981-இல் அமெரிக்காவின் ஒஹாயோவில் கிடைத்த ஓர் இளம்பெண்ணின் உடலுக்கு 2018-இல் இப்படித்தான் பெயர் கிடைத்தது. பொதுமக்கள் தாங்களே பதிவேற்றிய டிஎன்ஏக்களில் தூரத்து உறவைப் பிடித்து, குடும்ப மரத்தை வரைந்து இறங்கி வந்தார்கள். அந்தத் தளங்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினர். நம் ஆட்கள் மிகக் குறைவு. அதோடு, அக்கா மகளையும் அத்தை மகனையும் கட்டிக்கொள்ளும் ஊரில், பங்காளியும் மாமன் மச்சானும் ரத்தத்தில் பின்னிக் கிடப்பார்கள். தூரத்து உறவு நெருங்கிய உறவு போலக் காட்டும். இன்றைக்கு நம் வழக்குக்கு இது கைகொடுக்காது.

பல்லில் உள்ள ஐசோடோப்பை, அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களை வைத்து, சிறுவயதில் எந்தப் பகுதித் தண்ணீர் குடித்து வளர்ந்தார் என்று ஊகிப்பதும் உண்டு. 1970-இல் நார்வேயின் பெர்கன் அருகே ஒரு மலைப் பள்ளத்தாக்கில் எரிந்த நிலையில் கிடைத்த பெண்ணுக்கு அதைச் செய்தார்கள். வளர்ந்த பகுதியைக் குத்துமதிப்பாகச் சொல்ல முடிந்தது, பெயர் இன்னும் கிடைக்கவில்லை.

## அந்த இருவருக்கும் நான் சொன்னது

வழக்கறிஞருக்கு: டிஎன்ஏ கேட்டுத் தொடங்காதீர்கள். கோப்பின் நகலையும் பொருள்களைப் பார்வையிடும் அனுமதியையும் கேட்டு முதல் மனு போடுங்கள். மண்டை ஓடு எங்கே இருக்கிறது என்று எழுத்துப்பூர்வமாகப் பதில் வாங்குங்கள். கிடைத்தால் முகத்தை உருவாக்கி, துணிமணி விவரத்தோடு வெளியிடக் கேளுங்கள். எலும்பிலிருந்து டிஎன்ஏ விவரத்தை எடுத்துக் கோப்பில் சேர்த்து வைக்கக் கேட்பது அதற்குப் பிறகு. என்றைக்காவது ஒரு குடும்பம் வந்தால் அன்று அது தயாராக இருக்கும். தோண்ட வேண்டி வந்தால் ஜனவரிக்குப் பிறகு, மண் காய்ந்திருக்கும்போது கேளுங்கள்.

அக்காவுக்கு: இத்தனை வருடமாகியும் தம்பியைக் காணவில்லை என்று புகாரே இல்லை என்றார். அதைத்தான் முதலில் கொடுக்கச் சொன்னேன், எஸ்.பி. அலுவலகத்துக்கும் ஒரு நகலோடு. அந்தப் புகாரிலேயே எலும்புக்கூடு கிடைத்த வழக்கைக் குறிப்பிட்டு, அம்மாவின் ரத்த மாதிரியை எடுத்து ஒப்பிடும்படி கேட்க வேண்டும். மண்டை ஓட்டு ஒப்பீடு இரண்டாவது. அம்மா இருக்கும்போது அதை முன்னால் வைக்கத் தேவையில்லை, எலும்பு கெட்டுப்போயிருந்தால் கேட்கலாம். தம்பி பெயரில் உள்ள நிலத்துக்காக இறப்புச் சான்று வேண்டும் என்பதும் அவர் கவலை. அதற்கு இந்த வழக்கு முடியக் காத்திருக்க வேண்டாம். ஏழு வருடத்துக்கு மேல் எந்தத் தகவலும் இல்லாதவரை இறந்தவராகக் கருதச் சட்டத்தில் இடமுண்டு, அதற்கு சிவில் கோர்ட்டில் தனியாகப் போக வேண்டும்.

கிளம்பும்போது தம்பியின் பொருள் ஏதாவது வீட்டில் இருக்கிறதா என்று கேட்டேன். சீப்பு, பிரஷ் எல்லாம் எப்போதோ போய்விட்டன. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அவன் கைக்குழந்தையா இருக்கும்போது இடுப்புல கட்டின வெள்ளித் தாயத்து அம்மா பெட்டியில இருக்கு. தொப்புள்கொடி உள்ளே வச்சது" என்றார். எனக்கு ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை. காய்ந்த தொப்புள்கொடியிலிருந்து டிஎன்ஏ எடுக்க முடியும். அது தம்பியின் சொந்த உடல், அம்மாவின் ரத்தத்தைவிட நேரான ஒப்பீடு.

திறக்க வேண்டாம் என்று சொன்னேன். கழுவவோ துடைக்கவோ வேண்டாம். பிளாஸ்டிக் பையில் ஈரம் கோத்துக்கொள்ளும், அதனால் சுத்தமான காகித உறையில் போட்டு ஒட்டி, தேதி எழுதி, அம்மாவைக் கையெழுத்துப் போடச் சொல்லி, பெட்டிக்குள்ளேயே வைக்கட்டும். மாதிரி எடுக்க அம்மாவைக் கூப்பிடும் நாளில் அதையும் கையோடு எடுத்துப் போய், எழுதி வாங்கிக்கொண்டு கொடுக்க வேண்டும்.